பொதிக்குறி

ஜோலார்பேட்டை வேரகத்தில் டோக்கன் கொடுக்க ஆரம்பிப்பதற்குள் வெள்ளைக்காரர்களின் வரிசை பழைய ரயில்வே மேம்பாலம் வரை போய்விடும். யாரும் தள்ளமாட்டார்கள், முந்தமாட்டார்கள். நடுவில் புகுந்து இட்லி விற்கிற உள்ளூர்க்காரர்கள்தான் சத்தம் போடுவார்கள். வரிசையில் பெரும்பாலும் டச்சுக்காரர்கள். கடல் முதலில் விழுங்கியது அவர்கள் நாட்டைத்தான். மிச்சமிருந்தவர்கள் மிதவை நகர்களில் இரண்டு தலைமுறை ஓட்டிவிட்டு, மிதவைகளும் உடையத் தொடங்கியதும் இங்கே வந்து நிற்கிறார்கள்.

மூன்றாம் கவுண்டரில் துளசிங்கம் உட்கார்ந்திருப்பார். சட்டைப் பித்தான் கழுத்துவரை போட்டிருப்பார். வருகிற எல்லாரிடமும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

“உங்க ஆள் இங்க எப்ப வந்தாரு, எங்க செத்தாரு?”

மரியாதை இல்லாத கேள்விதான். ஆனால் சட்டமே அதைத்தான் கேட்கிறது. சென்னையும் நாகப்பட்டினமும் தூத்துக்குடியும் தண்ணீருக்குள் போனபோது கரையோரத்து ஜனம் முழுக்க மேட்டு நிலத்துக்கு ஏறியது. இடம் போதவில்லை, அடிதடி நடந்தது, அப்புறம் வேர்ச் சட்டமும் அதை நடத்த வேரகங்களும் வந்தன. எவருடைய முன்னோர் ஆதியில் இந்த மண்ணில் குடியிருந்து இந்த மண்ணிலேயே இறந்தாரோ, அவருக்கு மேட்டில் ஒரு வீடு. நம்மவர்களுக்காக எழுதிய சட்டம்தான். ஆனால் அதில் எங்கேயும் ‘தமிழர்’ என்று எழுதவில்லை. எழுதியவர்களுக்கு அது தோன்றவே இல்லை. மிதவையில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த எவனோ ஒரு வக்கீல் அதைக் கண்டுபிடித்துவிட்டான். டச்சுக் கம்பெனிக் காலத்தில் பீரங்கியோடு வந்து இறங்கிய தாத்தாக்களை, அதுவரை வெட்கப்பட்டு மறைத்து வைத்திருந்தவர்கள், இப்போது பரண் மேலிருந்து இறக்கித் தூசி தட்டினார்கள். தாத்தா அடித்த கொள்ளை பேரனுக்கு ரேஷன் கார்டு ஆயிற்று.

ரத்தப் பரிசோதனை இங்கே செல்லாது. அத்தனை தலைமுறை தாண்டினால் ரத்தம் எல்லாரையும் எல்லாருக்கும் சொந்தம் என்று சொல்லிவிடும். ஆகவே பழைய ஆவணம்தான் பேசவேண்டும். உலகத்தில் மிஞ்சிய ஏடுகளையெல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருக்கும் ‘ஏடறி’ இயந்திரம் எந்தக் கிறுக்கல் கையெழுத்தையும் படித்துச் சொல்லும்.

சட்டத்தில் இன்னும் இரண்டு பிரிவுகள் உண்டு. ஒன்பதாம் பிரிவு: இங்கிருந்து அடிமையாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் எங்கே இறந்திருந்தாலும் அவர்கள் வழிக்கு வேர் உண்டு, ஆனால் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியவேண்டும். பத்தாம் பிரிவு: அவர்களை விற்றவன் வழிக்கு வேர் அறும், அந்த வழியின் வீடு விற்கப்பட்டவரின் வழிக்குச் சேரும். “விற்றவன் வேர் அறும்” என்று படித்துக் காட்டும்போது துளசிங்கத்தின் குரலில் தனிக் கனம் ஏறும். அப்படிப் படித்துக் காட்டி வீட்டைக் காலி செய்ய வைத்த குடும்பங்கள் சில உண்டு. அதற்காக அவருக்கு ஒருநாளும் சோறு இறங்காமல் போனதில்லை.

அன்றைக்கு அவர் முன்னால் வந்து உட்கார்ந்தவள் பெயர் லீஸ்பெத் ஹாக்ஸ். முப்பது வயசிருக்கும். காத்திருப்பு முகாமில் இரண்டு வருஷம் இருந்ததில் தமிழ் நன்றாகவே வந்திருந்தது. மகள் ஃபென்னா முகாமில் இருக்கிறாள். புருஷன் இல்லை, மிதவை உடைந்தபோது போய்விட்டான்.

“எங்க ஆள் பேரு வில்லெம் ஹாக்ஸ், சார். பழவேற்காடு கோட்டையில வியாபாரியா இருந்தாரு.”

“எங்க செத்தாரு?”

“அதான் தெரியல. நீங்க பாத்துச் சொல்லணும்.”

ஏடறி தேடியது. வில்லெம் ஹாக்ஸ் கப்பலேறி வந்ததும் சம்பளம் வாங்கியதும் துணிக் கிடங்குக்கு அதிகாரியானதும் வரிசையாக வந்தன. கடைசியில், ஜாவாத் தீவின் பட்டாவியாவுக்குக் கப்பலேறிப் போனதும் வந்தது.

“போயிட்டாரும்மா உங்க ஆளு” என்றார் துளசிங்கம். “வந்து போனவருக்கு வேர் கிடையாது.”

லீஸ்பெத் எழுந்திருக்கவில்லை. “அவர் மனைவி? மரியான்னு பேரு. டெல்ஃப்ட் ஊர்ப் போதகரோட பொண்ணு. பழவேற்காட்டுலதான் பழக்கமாம். அவங்க சொந்தக்காரங்க யாராவது இங்க செத்திருக்கலாம் இல்லையா? எங்க வீட்ல அவங்க படம்கூட இருந்துச்சு, சார். லேஸ் தொப்பி போட்டு, வெள்ளையா.”

“படத்தை எப்ப வரைஞ்சாங்க?”

அவள் யோசித்தாள். “அவங்க செத்து இருநூறு வருஷம் கழிச்சு.”

துளசிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு மரியாவைத் தேடச் சொன்னார். டெல்ஃப்டில் அப்படி ஒரு போதகரே இல்லை. பட்டாவியா தேவாலயத்தின் திருமணப் பதிவில்தான் மரியா கிடைத்தாள். ஏடறி தமிழில் படித்தது: “வில்லெம் ஹாக்ஸ், மணமகன். பழவேற்காட்டு மரியா, மணமகள். முன்பு மேற்படியாரின் அடிமை; விடுதலை செய்யப்பட்டவள்.”

லீஸ்பெத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கை எப்போதும்போல வெள்ளையாகத்தான் இருந்தது.

“அப்ப அந்தப் படம்?”

“அது உங்க வீட்டுக்காரங்களோட ஆசைம்மா” என்றார். பிறகு அவருக்கே மனசு கேட்காமல், “ஒருவிதத்துல இது நல்லதுதான். ஒன்பதாம் பிரிவு இருக்கு. எந்த வீட்டுப் பொண்ணுன்னு தெரிஞ்சாப் போதும்” என்று சேர்த்துக்கொண்டார்.

விற்பனைச் சீட்டும் கிடைத்தது. பஞ்ச வருஷத்தில், பழவேற்காட்டில், கம்பெனி எழுத்தன் ஒருவன் எழுதியது; வாங்கியவர் வில்லெம் ஹாக்ஸ், குழந்தைக்கு வைத்த பெயர் மரியா. “பெண் குழந்தை, வயது பத்து இருக்கும். விற்பவன் சொல்வது: இவள் என் உடன்பிறந்தாளின் மகள். தாய் பஞ்சத்தில் இறந்தாள். இவளுக்குச் சோறு போட வழியில்லை. என்னைத் தவிர இவள்மேல் உரிமையுள்ளவர் வேறு யாருமில்லை.” விற்றவன் பெயர் இருந்த இடத்தைக் கறையான் தின்றிருந்தது. அதற்குக் கீழே நீலச் சாயத்தில் ஒரு குறி மட்டும் இருந்தது.

“பொதிக்குறி” என்றது ஏடறி. “துணி வியாபாரிகள் தங்கள் மூட்டைமேல் இடும் அடையாளம். எந்த வீட்டுடையது என்பது தெரியவில்லை.”

ஒரு பிறை. அதன் வயிற்றில் மூன்று புள்ளி. கீழே இடப்பக்கம் திரும்பிய ஒரு கொக்கி.

துளசிங்கம் திரையருகே குனிந்து மறுபடி பார்த்தார். அந்தக் குறியை அவர் பொங்கலுக்குப் பொங்கல் தன் கையால் நிலைப்படி மேல் காவியில் போடுகிறார். வீட்டில் கல்யாணம் என்றால் அரிசிப் பானைமேல் போடுவார்கள். கம்பெனியோடு சரிசமமாக உட்கார்ந்து வியாபாரம் பண்ணின வீடு என்பதற்கு அதுதான் அத்தாட்சி என்று சொல்லிச் சொல்லியே அவரை வளர்த்தார்கள். அவர் குடும்பம் வேர் வாங்கியது ஒரு கோயில் கல்வெட்டை வைத்து. ஆகையால் குறி எந்த ஃபைலிலும் இல்லை. உலகத்தில் அதை அறிந்தவர்கள் அவர் வீட்டார் மட்டும்தான். மூட்டையில் இட்ட குறியையே ஒரு குழந்தைக்கும் இட்டிருக்கிறார்கள் என்பதை அந்த வீட்டார் வசதியாக மறந்துபோயிருந்தார்கள்.

“என்ன சார்?” என்றாள் லீஸ்பெத்.

“ஒண்ணுமில்லம்மா. படம் தெளிவா இல்ல. நாளைக்கு வாங்க.”

“நாளைக்கு சாயங்காலம் கப்பல் பட்டியல் ஒட்டுறாங்க, சார். வேர் இல்லாதவங்கள மறுபடி மிதவைக்கு அனுப்பிடுவாங்க. எம் பொண்ணு இப்பவும் தண்ணி சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில போயிடுறா.”

“தெரியும்மா. காலையில வாங்க.”

வீட்டுக்கு வந்ததும் மனைவி கோதாவரியிடம் சொல்லிவிட்டார். ஏலகிரி அடிவாரத்தில் இரண்டு அறையும் ஒரு கிணறுமாக இருந்த வீடு அது. கோதாவரி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் சட்டத்தையே ஒரு பிடி பிடித்தாள்.

“படம் தெளிவா இல்லன்னு எழுதிட்டு வாங்க. எவனோ எப்பவோ பண்ணதுக்கு நாம ஏன் தெருவுல நிக்கணும்? இந்த வயசுல என்னை முகாம்ல தட்டு ஏந்தச் சொல்றீங்களா?”

“அந்தம்மாவ மிதவைக்கு அனுப்பிடுவாங்க.”

“நாமளா மிதவைய ஒடச்சோம்? நல்லா யோசிங்க. அன்னிக்கு விக்காம இருந்தா அந்தப் பொண்ணு பஞ்சத்துல செத்திருக்கும். செத்திருந்தா இந்தம்மா ஏது? சோத்துக்குத்தானே வித்தான்?”

“இதையேதான் நான் காலி பண்ண வெச்சவங்க எல்லாரும் எங்கிட்ட சொன்னாங்க” என்றார் துளசிங்கம். “நீ சொன்ன மாதிரியே, வார்த்தைக்கு வார்த்தை. நான்தான் கேக்கல.”

கோதாவரி கீரையை முறத்தில் தள்ளினாள். பிறகு, “யார் வித்ததுன்னு சொன்னீங்க? அம்மாவோட அண்ணனா?” என்று கேட்டாள்.

“அண்ணனோ தம்பியோ. தாய்மாமன்.”

“தாய்மாமனா வித்தான்?”

அவள் முகம் மாறியது. பெண்ணை மடியில் வைத்துக் காது குத்துகிறவன், சீர் கொண்டுவருகிறவன், கல்யாணப் பந்தலில் முதல் மாலை எடுத்துக் கொடுக்கிறவன் தாய்மாமன். அப்பன் விற்றான் என்றால்கூட அவள் பஞ்சத்தின் மேல் பழியைப் போட்டிருப்பாள். இது அவளுக்குச் செரிக்கவில்லை. தன் மகளைத் தன் அண்ணன் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்ததையெல்லாம் நினைத்தாளோ என்னவோ, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்தப் பொண்ணு அவன் கையப் புடிச்சிக்கிட்டுதான் கோட்டைக்கு நடந்து போயிருக்கும்” என்றாள். “மாமா கூட்டிட்டுப் போறாருன்னு.”

அதைத்தான் துளசிங்கமும் கவுண்டரில் அந்தச் சீட்டைப் படித்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தார்.

“போயி எழுதிக் குடுங்க” என்று எழுந்தாள் கோதாவரி. “நான் பாத்திரங்களக் கட்டி வெக்கிறேன். ஆனா ஒண்ணு, எனக்குக் கோவம் போகல. அவன்மேலயும் போகல, உங்க சட்டத்துமேலயும் போகல.”

மறுநாள் காலை துளசிங்கம் தன் கவுண்டருக்குள் போகவில்லை. வெளிப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நிலைப்படிக் குறியின் படத்தைப் பக்கத்துக் கவுண்டர் பிலோமினாவிடம் கொடுத்தார். பிலோமினா படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சார், இதை ஏடறியில போட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். நான் இன்னும் எதையும் பாக்கல. வீட்டுக்குப் போயிட்டு வாங்க.”

“போடும்மா.”

“பயமா இல்லையா சார்?”

“ரொம்ப பயமா இருக்கு. யோசிக்க ஆரம்பிச்சா எடுத்துக்கிட்டு ஓடிடுவேன். சீக்கிரம் போடு.”

ஏடறி இரண்டு குறிகளையும் பொருத்திப் பார்த்து, ஒன்பதாம் பிரிவில் லீஸ்பெத்துக்கு வேர் கொடுத்தது. அதே மூச்சில் பத்தாம் பிரிவில் துளசிங்கத்தின் வேரை அறுத்தது. வீடு போயிற்று, வேரில்லாதவர் வேரகத்தில் வேலை பார்க்க முடியாது என்பதால் வேலையும் போயிற்று. இயந்திரத்துக்குத் தாட்சண்யம் இல்லை, அவருக்கும் இருந்ததில்லை.

சட்டத்தில் ஒரே ஒரு சந்து இருந்தது. வீடு யாருக்குச் சேர்கிறதோ அவர் விரும்பினால் பழைய குடியை ‘ஆதரவில் இருப்போர்’ என்று வைத்துக்கொள்ளலாம். எத்தனை காலம் என்பது அவர் இஷ்டம். இதுவரை யாரும் வைத்துக்கொண்டதாகத் துளசிங்கத்துக்கு நினைவில்லை. அவர் யாருக்கும் அதை எடுத்துச் சொன்னதும் இல்லை.

லீஸ்பெத் மகளோடு வீட்டுக்கு வந்தபோது வாசலில் பாத்திர மூட்டை தயாராக இருந்தது. கோதாவரி ஆரத்தித் தட்டோடு நின்றாள். கண் சிவந்திருந்தது, அழுததாலா கோபத்தாலா என்று அவளுக்கே தெரியாது.

“பொறந்த வீட்டுக்கு வர்ற பொண்ண அப்படியே உள்ள விடக் கூடாது. நில்லும்மா” என்று அதட்டி, தாய்க்கும் மகளுக்கும் சேர்த்துச் சுற்றி, பொட்டு வைத்தாள். குழந்தை ஃபென்னா பயந்துபோய் அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

லீஸ்பெத் நிலைப்படிக்கு மேல் இருந்த குறியை வெகுநேரம் பார்த்தாள்.

“அழிச்சிடட்டுமா?” என்றார் துளசிங்கம்.

“வேணாம். இருக்கட்டும். தீர்ப்புல ‘தாய்மாமன் வித்தான்’னு போட்டிருக்கு, தாய்மாமன்னா என்ன சார்? ஏடறி, அம்மாவோட சகோதரன்னு மட்டும்தான் சொல்லுது.”

துளசிங்கம் சொன்னார். காதுகுத்தைச் சொன்னார், சீரைச் சொன்னார், மாலையைச் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது. “யாருமே இல்லன்னாலும் பொண்ணுக்குக் கடைசியா நிக்கிறவன்” என்று முடிக்கும்போது அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது, தான் செய்யாத ஒன்றுக்கு இவ்வளவு வெட்கம் வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

“எங்கள மன்னிச்சிடும்மா.”

“அது எங்கிட்ட இல்ல சார்” என்றாள் லீஸ்பெத். கடுமையாகச் சொல்லவில்லை. கேட்ட பொருள் கடையில் இல்லை என்பதுபோலத்தான் சொன்னாள். “அது மரியாகிட்ட இருந்தது. அவங்க குடுத்தாங்களான்னு எனக்குத் தெரியாது.”

பிறகு மகளைக் கிணற்றடிக்குப் போகாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பையிலிருந்து பலகைக் கணினியை எடுத்தாள். ஆதரவில் இருப்போர் படிவம் திறந்திருந்தது. பிலோமினா சொல்லி அனுப்பியிருக்கவேண்டும். கோதாவரி மூட்டையின் முடிச்சைப் பிடித்தபடி நின்றாள்.

லீஸ்பெத் ஒவ்வொரு வரியாக, விரல் வைத்து, நிதானமாகப் படித்தாள். துளசிங்கம், கோதாவரி என்று பெயர்களைப் போட்டாள். உறவு என்ற இடம் வந்ததும் நிறுத்தினாள். அவர் சொல்வார் என்று பார்த்தாள். பிறகு அவளே ‘மாமா’ என்று எழுதினாள். அதற்கடுத்து, எத்தனை காலம் என்ற இடத்தில், ‘ஒரு வருஷம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கோதாவரிக்கு முடிச்சிலிருந்து கை நழுவியது. “அதுக்கடுத்த வருஷம்?” என்று கேட்டாள்.

“அடுத்த வருஷம் மாமா வந்து கேக்கட்டும்” என்றாள் லீஸ்பெத், மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனபடி. “அப்ப பாக்கலாம்.”