வாழை கட்டிய ஜீப்

"இன்னும் எவ்வளவு தூரமுங்கப்பா?"

இதை எத்தனையாவது முறை கேட்கிறாள் என்று சுஜிதாவுக்கே தெரியாது. செம்மேட்டில் இன்று தொடர் ஓட்டப் போட்டி. நால்வர் அணியில் கடைசியாக ஓட வேண்டியவள் அவள். ஓர் ஆள் குறைந்தாலும் அணியையே நீக்கிவிடுவார்கள். மற்ற மூவரும் காலை பஸ்ஸில் போய்விட்டார்கள். பஸ்ஸைத் தவறவிட்ட சுஜிதா மட்டும், அப்பாவின் பழைய ஜீப்பில் முள்மேல் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

ஏற்றத்தில் ஜீப் முனகியது. முன்னாலிருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. அப்பா வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"ரேடியேட்டர் கொதிக்குது சாமி. ஆறுனாத்தான் தண்ணி ஊத்த முடியும்."

"அதுக்குள்ள போட்டியே முடிஞ்சுருமுங்கப்பா!"

அழுகை முட்டியது. நிற்க முடியாமல் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள். திங்கட்கிழமை ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றுகளும் பெரிய மாலையும் இன்னும் ஜீப்பின் முகத்தை மூடிக்கொண்டிருந்தன.

"அப்பா, இது மறைச்சுட்டா உள்ள காத்து எப்படிப் போகும்? கழட்டிரலாமுங்களா?"

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா பூஜை மாலையைக் கழட்டுறதா? ஆகாது கண்ணு."

சுஜிதா நகத்தைக் கடித்தாள். "அப்போ கழட்ட வேண்டாம். பின்னாடி மாத்திக் கட்டிக்கலாம். வண்டியிலதான இருக்கும்?"

இது சரியா தப்பா என்று அப்பா யோசிப்பதற்குள் பாதி முடிச்சை அவிழ்த்துவிட்டாள்!

எல்லாவற்றையும் பின்னால் கட்டினார்கள். ரேடியேட்டர் ஆறியதும் தண்ணீர் ஊற்றிவிட்டு, அப்பா சாவியைத் திருகினார். 'டிக்' என்றது. அவ்வளவுதான்.

"பூஜையிலிருந்தே இந்தத் தொல்லைதான். தினமும் ஆள் வச்சுத் தள்ளுறேன். இங்க யாரிருக்கா? ஒயரிங் போயிருச்சாட்டம் இருக்குது."

"பூஜையன்னிக்கு ஒயரை என்னங்கப்பா பண்ணுனீங்க?"

"ஒன்னும் பண்ணலையே! பேட்டரியைத் துடைச்சேன். ரெண்டு முனையிலயும் சந்தனத்தை நல்லா அப்பி, அதுமேல ஒயரை மாட்டி..."

அப்பா பாதியில் வாயை மூடிக்கொண்டார். சுஜிதா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்பா ஒயரைக் கழற்றினார். சந்தனம் காய்ந்து, மின்சாரம் பாயவிடாமல் சுண்ணாம்பாக ஒட்டியிருந்தது. அவர் சுரண்டச் சுரண்ட, சுஜிதா துணியால் துடைத்தாள்.

"பொட்டில்லாம இருக்கலாமா சாமி?"

"பேட்டரிப் பெட்டி மேல வச்சுருங்கப்பா. முனையில வேண்டாம்."

இந்த முறை சாவியைத் தொட்டதும் ஜீப் உறுமியது. ஏற்றம் முழுவதும் ஒரு பொட்டு ஆவிகூட வரவில்லை. ஆனாலும் மைதானம் கண்ணில் படும்வரை சுஜிதா மூச்சுவிடவில்லை.

மைக்கில் அவள் பள்ளியின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜீப் நின்றதும் குதித்தாள். அணித் தோழி ராதிகா ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"வந்துட்டியா! ஏம்புள்ள, வாழை எதுக்குப் பின்னாடி இருக்குது?"

"ஓடி முடிச்சுட்டுச் சொல்றேன்!" என்று கத்தியபடியே சுஜிதா ஓட்டப் பாதையை நோக்கிப் பறந்தாள்.