ஏழாம் பேழையின் எச்சவொளி

அருங்காட்சியகத்தின் துணிக்கூடத்தில் துணிகளை யாரும் பார்ப்பதில்லை. வந்தவர்கள் எல்லாரும் பேழைகளின் கண்ணாடியைப் பார்த்தபடி வரிசையில் நின்றார்கள்.

முத்தரசின் முறை வந்தது. காவலர் பரிமளா அவனுடைய கைப்பேசியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"துளி வெளிச்சம் கூடாது தம்பி. நேத்து ஒருத்தர் பல்லு தெரியச் சிரிச்சதுக்கே வரிசையில நின்னவங்க சண்டைக்கு வந்துட்டாங்க."

அவன் சிரிக்கவில்லை. "ஏழாம் பேழை அக்கா."

"யாரு?"

"மனைவி."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவள் குரல் தணிந்தது.

"அசையாம நின்னாங்களா? பாதிப் பேரு நடந்துக்கிட்டே இருந்திருக்காங்க. வெறும் புகைதான் வருது."

"நின்னா. நான் படம் எடுத்து முடிக்கிற வரைக்கும்."

எச்சவொளிக் கருவி வந்த பிறகுதான் இது தெரிந்தது. வெளிச்சம் மங்கிய இடத்துக் கண்ணாடி, தன் முன்னால் அசையாமல் நின்றவர்களின் ஒளியைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்கிறது. வெயிலும் விளக்கும் அதை அழித்துவிடும். வீடுகளில் எதுவும் மிச்சமில்லை. பழைய சாயம் வெளுக்காமலிருக்க விளக்கைக் குறைத்துவைத்த அருங்காட்சியகங்களில் மட்டும் இருந்தது. நாளைச் சொன்னால் கருவி அந்த நாளை உறிஞ்சி எடுக்கும். ஒரு முறைதான். எடுத்த நாள் கண்ணாடியில் மறுபடி இருக்காது.

கல்யாண ஆல்பத்தில் இருந்த முகம் ஒப்பனைக்காரரின் வேலை. நிறைமதி அப்படி இருக்கமாட்டாள். படமெடுப்பதுதான் அவன் தொழில்; அதற்கப்புறம் அவன் எடுத்ததெல்லாம் சிலைகள், தூண்கள், துணிகள். கல்யாணமான இரண்டாம் வருடம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. போய்விட்டாள்.

கருவியை முக்காலியில் பொருத்தினான். அவளோடு இங்கே வந்த நாளைச் சொன்னான். பழக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டான்.

திரையில் படம் மெல்ல ஊறியது. முதலில் அவனே வந்தான். கேமராவில் கண், விலாவில் அழுத்திய முழங்கைகள். மீசை முடிவரை துல்லியம்.

"உங்க முகம் அருமையா விழுந்திருக்கு தம்பி," என்றாள் பரிமளா. "அவங்க எங்க?"

அவனுக்குப் பின்னால் ஒரே கறுப்பு.

அப்போதுதான் உறைத்தது. கண்ணாடிக்கு உள்ளே இருப்பதைப் படமெடுக்க வேண்டுமானால், எடுப்பவனுக்குப் பின்னால் இருக்கும் எதன் பிம்பமும் கண்ணாடியில் விழக் கூடாது. அதற்காக அன்று நிறைமதி தன் கறுப்புத் துப்பட்டாவை விரித்து, தலைக்கு மேல் இரு கைகளாலும் தூக்கிப் பிடித்திருந்தாள். அவன்தான் சொல்லிக்கொடுத்தான். முகம் தெரியுது, இன்னும் மேலே தூக்கு என்று.

"போதும் அரசு, கை கடுக்குது. உன் துணியைவிட என் துணிதான் அதிகமா உழைக்குது."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு மதி."

அவள் தூக்கிப் பிடித்தாள். படங்கள் பிரமாதமாக வந்தன.

கறுப்பின் மேல் ஓரத்தை அவன் பெரிதாக்கினான். இரண்டு மூலையிலும் விரல்கள். நடுங்கியிருக்க வேண்டும், கலங்கிப்போயிருந்தன.

"முடிஞ்சுதா சார்?" என்றார் அடுத்து நின்றவர். கையில் ஒரு குழந்தையின் செருப்பு வைத்திருந்தார்.

திரையில் எழுத்து வந்தது: 'மேல் மூலைகளில் கலங்கல் உள்ளது. நீக்கினால் படம் நன்றாக இருக்கும். நீக்கவா?'

முத்தரசு 'வேண்டாம்' என்பதை அழுத்தினான்.

கருவி மறுபடி கேட்டது. மறுபடி அழுத்தினான்.

தரம் குறைந்த படம் என்று குறித்துக்கொண்டு, கருவி அதைச் சேமித்தது.