தட்டினாலும் திறக்காதே

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள்: வெளியிலிருந்து பூட்டிய குளியலறைக்குள் மகன். கதவுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு, மடியில் சாவியோடு அவனுடைய அப்பா. குத்துச்சண்டை சொல்லிக்கொடுப்பவர் என்பதால் ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். கூடத்தில் ஜன்னலோரம் மாஸ்டரின் தம்பி. படுக்கையறை வாசலில், மடித்த பந்தய உடுப்பையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்த மருமகள். அப்புறம் அவள், அவனைப் பெற்றவள். அவளுக்கென்று இடம் எதுவும் ஒதுக்கப்படவில்லை. சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள்.

வெந்நீர்க் குழாய் விடியலிலிருந்து திறந்தே கிடந்தது. கதவின் அடியிலிருந்து கசிந்த ஆவி கூடம்வரை வந்துவிட்டது. கண்ணாடியில் யார் முகமும் தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சம் பால் கலந்ததுபோல் வெளிறியிருந்தது. எல்லோரும் ஏதோ குளத்தின் அடியில் வாழ்கிறவர்கள் மாதிரி மெதுவாக அசைந்தார்கள். பேசினால் குரல் தூரத்திலிருந்து வந்தது. அழகாகத்தான் இருந்தது. உள்ளே ஒருவன் வற்றிக்கொண்டிருக்கிறான் என்பது தெரியாத யாரும் அந்த வீட்டில் நின்று ரசித்திருக்கலாம்.

விஷயம் எளிமையானது. மகன் தன் உடம்புக்கு உரிய எடைப் பிரிவில் நிற்காமல் ஒரு பிரிவு கீழே இறங்கி நின்றால், தன்னைவிடச் சிறிய ஆளோடு மோதலாம். அதற்கு எடை பார்க்கும் நேரத்தில் மட்டும் உடம்பு இளைத்திருந்தால் போதும். சாப்பாட்டை நிறுத்தி, தண்ணீரை நிறுத்தி, பிளாஸ்டிக் சட்டையை மாட்டி ஆவியில் உட்கார்ந்தால் மிச்சமும் வழிந்துவிடும். இந்த முறை ஜெயித்தால் அணியில் இடம்.

அந்த வீட்டில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. மாஸ்டர் ஆரம்பித்தது. உள்ளே போகிறவன் சாவியைத் தன் கையாலேயே கொடுத்து, தன் வாயாலேயே சொல்ல வேண்டும்: நான் தட்டினாலும் திறக்காதீங்க, கெஞ்சினாலும் திறக்காதீங்க. மகன் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனான். ஒரு காலத்தில் மாஸ்டரின் தம்பியும் இதே கதவுக்கு முன்னால் நின்று அப்படித்தான் சொன்னார். நன்றாக ஆடியவர். இப்போது இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு படுத்திருக்கிறார். வயசுக் காலத்தில் கண்ட வலி மாத்திரையை முழுங்கியதால் வந்த வினை என்று அவரே எல்லோரிடமும் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனதும் முதலில் எடை இயந்திரத்தில்தான் நிற்கவைப்பார்கள். "நான் இன்னும் ரிட்டையர் ஆகல அண்ணி," என்பார் ஒவ்வொரு முறையும்.

அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிவருவது அவள்தான். பக்கத்தில் உட்கார்ந்து நேரத்தைப் போக்குவதும் அவள்தான். ஒரு நாள் இயந்திரத்தின் முனகலுக்கு நடுவே, அரைத் தூக்கத்தில் அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். மாத்திரையெல்லாம் சும்மா. விழித்ததும் பதறிப்போய் அவளிடம் சத்தியம் வாங்கினார். அண்ணனுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டார் என்றார். அவளும் சொல்லவில்லை. மகன் விஷயத்தில் வேறு எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தாள். உனக்கு என்ன தெரியும் என்று கேட்டார்கள். தெரிந்ததைச் சொல்ல வழியில்லை.

வண்டியை எடுத்துவர மாஸ்டர் எழுந்தார். சாவியை அவள் கையில் வைத்தார்.

"தட்டுவான். கண்டுக்காத."

அவர் போய்ச் சற்று நேரத்தில் உள்ளேயிருந்து தட்டும் சத்தம் வந்தது. பலமாக இல்லை. யாரோ விளையாட்டுக்குத் தட்டுவதுபோல.

"அம்மா... மழை விட்டுடுச்சா?"

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"பையை எடுத்து வைம்மா. பெல் அடிச்சிடுவாங்க."

கல்யாணமான மகன். அவள் சாவியைத் திருப்பினாள்.

குழாயடியில் சாய்ந்து கிடந்தான். அத்தனை ஆவியிலும் தோல் காய்ந்து கொதித்தது. வேர்வை நின்றுபோயிருந்தது. அவள் குழாயைப் பச்சைத் தண்ணீருக்குத் திருப்பினாள். பிளாஸ்டிக் சட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தாள். தலையை மடியில் வைத்துக்கொண்டு டம்ளரை வாயில் சாய்த்தாள். முதலில் கடைவாய் வழியே ஒழுகியது. பிறகு இறங்கியது. அவன் கண்ணை மூடியபடி சிரித்தான். இருவர்மேலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் மழையில்தான் இருந்தான். கொஞ்ச நேரம் அவளும் அந்த மழைக்குள் போய் உட்கார்ந்திருந்தாள். நனைந்த பள்ளிக்கூடத் தெருவில் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். மாஸ்டர் வந்து கத்தும்வரை.

மகனுக்கு நினைவு தெளிந்ததும், அவள் தடுக்கத் தடுக்க, மாஸ்டர் அவனைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்துக்கொண்டு போனார். எடை முள் கொஞ்சம்தான் தாண்டியது. கொஞ்சம் போதும். பெயரை அடித்துவிட்டார்கள்.

மாலையில் வீடு திரும்பியதும் ஆரம்பித்தது. மாஸ்டர் பெற்றவளா நீ என்று கேட்டார். பத்து மாசம் சுமந்தவளுக்கு ஒரு காலை நேரம் பொறுக்க முடியவில்லையா என்றார். மருமகள் அழுதுகொண்டே, அவர் ஜெயிச்சு வெளியூர் போயிட்டா அத்தைக்குப் பிடிமானம் போயிடுமே என்றாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, காலையில் நனைந்த கால்மிதியைப் பிழிந்துகொண்டிருந்தாள். கடைசியாக மகன் வந்து எதிரில் நின்றான்.

"நான் திறக்காதேன்னு சொன்னேன்ல அம்மா. என் வாயால சொன்னேன்ல... என் காலை வாரிவிட வேற யாரும் வேணாம், நீயே போதும்."

அவள் ஒரே ஒரு தடவை ஜன்னல் பக்கம் பார்த்தாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் ஜன்னலோரம் இருந்தவர் அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டார்.

"போதும் அண்ணி," என்றார் மாஸ்டரின் தம்பி. "எனக்காகத் திட்டு வாங்கினது போதும்."

"வேணாம் தம்பி. விடுங்க."

அவர் விடவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்றார்.

"அண்ணா, அந்தப் பெரிய பந்தயத்துக்கு முந்தி உள்ள தூங்கிட்டேன்னு சொன்னேன் பாரு. தூங்கல. தட்டினேன். கை ஓயிற வரைக்கும் தட்டினேன்."

மாஸ்டர் பேசியபோது குரல் அவருடையதாக இல்லை.

"நீதானேடா சொன்னே... தட்டினாலும் திறக்காதேன்னு."

"ஆமா. சொன்னது நான்தான். தட்டினதும் நான்தானே அண்ணா."

தம்பி, அண்ணன் மகனைப் பார்த்துப் பேசினார். அன்றைக்குச் சிறுநீர் காப்பி நிறத்தில் போனதையும், அதை மறைத்துவிட்டுப் போய் ஜெயித்ததையும், அதற்கப்புறமும் அதே அறையில் பலமுறை போய் உட்கார்ந்ததையும் சொன்னார். டாக்டர் விசாரித்த அன்றே காரணம் புரிந்துவிட்டது, அண்ணன் முகத்தை நினைத்து மாத்திரைக் கதையைக் கட்டினேன் என்றார். இப்போது ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தண்ணீரை அளந்து குடிக்கிறேன், குடிப்பது வெளியே போவதற்கு உடம்பில் வழியில்லை என்றார்.

"அன்னைக்கு ஆரம்பிச்ச தாகம்டா. இன்னும் தீரல. உங்கம்மாவுக்கு இது எல்லாம் தெரியும். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னதையெல்லாம் வாங்கிக்கிட்டு நிக்கிறாங்க."

மாஸ்டர் ஸ்டூலில் உட்காரப் போய், அது குளியலறைக் கதவருகே கிடப்பதைப் பார்த்துத் தரையிலேயே உட்கார்ந்தார்.

மருமகள்தான் முதலில் நகர்ந்தாள். அத்தையின் கையிலிருந்த ஈரக் கால்மிதியை வாங்கிக்கொண்டாள். மகன் நின்ற இடத்திலேயே முழங்காலை மடித்து, அம்மாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்தான். அவன் தோள் குலுங்கியது. அவள் புடவை நனைந்தது.

"அழு," என்றாள். "அழறதுக்காவது உடம்புல தண்ணி இருக்கே."

அழுகைக்கு நடுவே அவன் சிரித்துவிட்டான். இனி என் எடையிலேயே நிற்கிறேன், தோற்றாலும் தோற்கிறேன் என்றான். அவள் அவன் தலைமுடியைக் கோதிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் இயந்திரத்துக்குப் போகவேண்டிய நாள். அவள் கிளம்பி வந்தபோது மாஸ்டர் முன்னமே சட்டை மாட்டி நின்றார். தம்பியின் பை அவர் தோளில் தொங்கியது. என்னென்ன எடுத்துப் போகவேண்டும் என்று அவளிடம் கேட்டார். இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை. போர்வை, ஏனென்றால் நடுவில் குளிரும் என்றாள். முடிந்து எழுந்ததும் தலை சுற்றும், உடனே நடக்கவிடக் கூடாது என்றாள்.

"வர்ற வழியில தண்ணி கேப்பார். ஒரு ஐஸ் துண்டு மட்டும் குடுங்க. அதுக்கு மேல குடுக்கக் கூடாது."

"கெஞ்சினா?"

"எழுந்து போயிடாதீங்க. பக்கத்துலயே உக்காருங்க."

அவர் தலையாட்டினார். இன்னும் ஏதோ சொல்ல வந்தவர்போல் நின்றார். அவள் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

அண்ணனும் தம்பியும் கையைக் கோத்துக்கொண்டு படியிறங்கினார்கள். யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று மேலேயிருந்து சொல்ல முடியவில்லை. காலைப் பனியில் தெருமுனை கரைந்திருந்தது. அதற்குள் நுழைந்து இருவரும் மெல்ல மங்கினார்கள். வீட்டில் மகனும் மருமகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் உள்ளே வந்து வாசல் கதவைச் சாத்திப் பூட்டினாள்.