பழுப்பேறிய உப்பு

சமையலறை அலமாரியில் இருந்த கல் உப்பு, சுவர்ப் பக்கம் மட்டும் மஞ்சளாகியிருந்தது. பீங்கான் ஜாடியின் மூடியைக் கையில் பிடித்தபடி அவள் நின்றாள். முகர்ந்தாள். வாசனை இல்லை. நாக்கில் வைத்தாள். உப்புதான்.

"யாராவது டீ கரண்டியை உள்ள விட்டிருப்பாங்க," என்றாள் அக்கா. "சாயங்கால கிளாஸ்ல சேர்ந்ததிலேர்ந்து உனக்கு உப்புலகூடப் பேய் தெரியுது."

பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள் அவள். மாலை வகுப்பில் போன வாரம்தான் ஆசிரியர் சொன்னார்: பலமான கதிர்வீச்சு பட்டால் உப்புப் படிகத்துக்குள் காலியிடங்கள் உண்டாகும், எலக்ட்ரான்கள் அவற்றில் சிக்கும், வெள்ளை உப்பு நிறம் மாறும். அதை இருட்டில் சூடான கல்லில் போட்டால் ஒளிரும். இதைப் பற்றிய கேள்விக்குத்தான் தேர்வில் அவள் தப்பாக எழுதியிருந்தாள். அதனால் அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஏழு பாட்டில் மூடிகளில் புது உப்பு நிரப்பி, வெளிச்சம் படாமல் கறுப்புத் தாள் சுற்றி, எண் ஒட்டி, வீடெங்கும் வைத்தாள். மூன்றாம் நாள் பிரித்தாள். ஐந்து மூடிகள் வெள்ளை. சமையலறைச் சுவரோரம் வைத்தது லேசான மஞ்சள். அந்தச் சுவருக்கு மறுபுறம், அக்கா மகள் குட்டியின் கட்டிலுக்கடியில் வைத்த ஆறாம் எண் மூடி, பழுப்பு.

எண்ணை மாற்றி ஒட்டிவிட்டோமோ? ஒரு சோதனை போதாது என்று நோட்டில் எழுதினாள். மூடிகளில் மறுபடி புது உப்பு நிரப்பி, எண்ணைச் சரிபார்த்து வைத்தாள். இன்னும் மூன்று நாள்.

அந்த மூன்று நாளும் ஃப்ரிட்ஜின் ரீங்காரத்துக்கும் குழாய்ச் சொட்டுக்கும் நடுவே, சுவருக்கு அப்பாலிருந்து குட்டி ஓங்கரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஸ்கூல்ல எல்லாப் பிள்ளைக்கும் வாந்தியாம்," என்றாள் அக்கா.

ஆறாம் நாள் மாலை, திரையை இழுத்துவிட்டு, கதவைச் சாத்தி, காய்ந்த இரும்பின் நெடியில் தொண்டை கமறும்வரை தோசைக்கல்லைச் சூடாக்கி அடுப்பை அணைத்து, தன் மூச்சுச் சத்தத்தையே வேறு யாருடையதோ போலக் கேட்டபடி, முதல் மூடியைக் கவிழ்த்தாள். இருட்டு. இரண்டாவது. இருட்டு.

ஆறாவது.

கல் முழுக்க நீல வெளிச்சம். அதில் தன் விரல்களை அவள் பார்த்தாள். நகங்கள்கூடத் தெரிந்தன. பிறகு அணைந்தது.

தப்பில்லை. முதல் தடவையும் தப்பில்லை.

கதவு திறந்தது.

"சித்தி, பாப்பா வயிறு சுடுது."

"எந்தப் பாப்பா?"

"என் பொம்மை. அப்பா காயலான் கடையில பழைய ஆஸ்பத்திரி மிஷின் உடைச்சப்போ பளபளன்னு ஒண்ணு எடுத்துக் குடுத்தாரில்ல? அதைப் பஞ்சுக்குள்ள வெச்சிருக்கேன். ராத்திரி கட்டிக்கிட்டுத்தான் தூங்குவேன்."

"கீழ போடு. குட்டி, கீழ போடு!"

குட்டி பொம்மையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

அவள் விளக்கைப் போட்டாள். பொம்மையின் கண்கள் அவளே கடையில் தேய்த்துப் பொருத்தியவை. தண்ணீர் போன்ற கண்ணாடி. இப்போது இரண்டும் பழுப்பு. குட்டியின் காதுக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தோல்.

பொம்மையின் மொட்டைத் தலையில், கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாரு சித்தி," என்று குட்டி சிரித்தாள். "பாப்பாவுக்கு முடி வந்திருச்சு."