குழாயைப் பொத்திய கை

சுற்றுலாப் படகு போன முதல் இரண்டு தீவுகளிலும் ஒரு குறையும் இல்லை. மூன்றாவதற்குக் கிளம்பும்போதுதான் காற்று திசை மாறியது. "அந்தப் பக்கம் போனா போட்டைத் தூக்கிப் போட்ரும். இங்க ஒரு குடா இருக்கு, தண்ணி குளம் மாதிரி அசையாம கிடக்கும்" என்று படகுக்காரர் சுக்கானைத் திருப்பினார்.

அவள் கணவனின் முகம் வெளுத்தது.

"இங்க வேணாம்."

"ஏன் மாமா?"

"பாறை ஜாஸ்தி."

கல்யாணத்துக்குப் பிறகும் அவளுக்கு அவன் மாமாதான். அக்காவின் புருஷனை அப்படிக் கூப்பிட்டே பழகிய வாய். அக்கா போனது இந்தக் கடலில்தான். விடுமுறைக்கு வந்த இடத்தில், எங்கோ தூரத்துத் தீவில், பெரிய அலை அடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். வீடு நம்பியது. வருஷம் திரும்பியதும் பெரியவர்கள் கூடிப் பேசி இவளை அவனுக்குக் கட்டிவைத்தார்கள். அக்கா கடைசியாகப் பார்த்த கடலைத் தானும் பார்க்க வேண்டும் என்று இவள்தான் அடம்பிடித்து அவனை இங்கே இழுத்து வந்திருந்தாள்.

குடாவுக்குள் படகு நுழைந்ததும் காற்று அறவே நின்றுபோனது. பறவைச் சத்தம்கூட இல்லை. உச்சி வெயிலில் தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது. அடியில் பவளப்பாறைகள் கிளை கிளையாகத் தெரிந்தன. எங்கிருந்தோ பாசி அழுகிய வாடை மட்டும் வந்துகொண்டிருந்தது.

அவன் இறங்கவில்லை. லைஃப் ஜாக்கெட்டின் வார்களை இறுக்கிக்கொண்டு படகின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அவள் மாஸ்க்கை மாட்டி, மூச்சு விடும் குழாயைப் பல்லால் கடித்துக்கொண்டு, முகம் கவிழ்ந்து மிதந்தாள். நீலமும் மஞ்சளுமாக மீன்கள் அவள் விரல்களுக்கு இடையே புகுந்து போயின. காதுக்குள் அவளுடைய மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. உள்ளே. வெளியே. உள்ளே. வெளியே.

திடீரென்று மீன்கள் எல்லாம் ஒரே திசையில் சிதறி ஓடின.

தண்ணீர் சில்லிட்டது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள்.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

உள்ளே. வெளியே. குழாய்க்குள், அவள் உதட்டுக்கு மிக அருகில்.

பிறகு தண்ணீருக்கு மேலே நீட்டியிருந்த குழாயின் முனையை யாரோ பொத்தினார்கள். அவள் இழுத்தாள், காற்று வரவில்லை. பிடரியில் ஒரு கை அழுத்தியது. அவள் கையைக் காலை உதறினாள். அழுத்திய கை, போதும் என்பது போல, தானாகவே விலகியது.

தலையைத் தூக்கினால், பக்கத்தில் ஒருவரும் இல்லை. மற்ற பயணிகள் தூரத்தில் மீனைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

படகுக்காரர் கைகொடுத்து ஏற்றினார். அவள் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சொன்னாள்: "யாரோ குழாயப் பொத்திட்டாங்க. கழுத்தப் புடிச்சு அமுக்குனாங்க."

"நான் போட்லதான இருந்தேன்" என்றான் அவன்.

அவனை யாரும் கேட்கவில்லை.

படகுக்காரர் அவனை உற்றுப் பார்த்தார். "நீங்க முன்னாடி இங்க வந்திருக்கீங்கல்ல சார்? ஒரு அம்மா செத்துப்போனாங்களே, இதே எடத்துல?"

"இங்க அலையே கிடையாதே" என்றாள் அவள், மெதுவாக.

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான்.

திறந்த வாய் மூடவில்லை.

கண்கள் பிதுங்கின. நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. ஒரு பொட்டுக் காற்று உள்ளே போகவில்லை. வெயில் காயும் படகில், சொட்டுத் தண்ணீர் மேலே படாமல், அவன் மூழ்கிக்கொண்டிருந்தான். படகுக்காரர் முதுகில் குத்தினார், லைஃப் ஜாக்கெட்டைக் கிழிக்காத குறையாகக் கழற்றினார். அவள் பாய்ந்து போய் அவன் வாயில் ஊத முகத்தைப் பிடித்தாள்.

அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

கண்ணுக்குத் தெரியவில்லை. தொட்டால் தெரிந்தது. தண்ணீரில் ஊறிச் சுருங்கிய, சில்லென்ற உள்ளங்கை. அவள் விரல்கள் அதன் ஓரமாக ஊர்ந்தன. சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. சின்ன வயதில் இவள் கோபத்தில் கதவை அறைந்து சாத்தியபோது நசுங்கிய விரல்.

"அக்கா..."

அந்தக் கையை இழுத்துப் பார்த்திருக்கலாம். கெஞ்சிப் பார்த்திருக்கலாம். அவன் கண்கள் அதைத்தான் கேட்டன.

அவள் தன் கையை எடுத்துக்கொண்டாள்.

கரையில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து கேட்டார்: "உயிர் இல்லம்மா. நெஞ்சு முழுக்கக் கடல்தண்ணி. எவ்ளோ நேரம் தண்ணிக்குள்ள இருந்தாரு?"

"எறங்கவே இல்ல" என்றார் படகுக்காரர். டாக்டர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. பாவிக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்தது என்று மனசு ஆறியது. ஆறிய இடத்தில் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அக்கா உயிரோடு இருந்தபோதே அவன் இவளோடு போனில் பேசத் தொடங்கியிருந்தான். குரலைத் தாழ்த்தி, நெடுநேரம். இவளும் பேசினாள். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மருத்துவமனை ஆயா துடைப்பத்தோடு வந்தார். வாசலிலிருந்து பெஞ்சு வரை சொட்டியிருந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஏம்மா, உங்க கூட வந்தவங்க சொட்டச் சொட்ட நனைஞ்சு நிக்கிறாங்களே. துண்டு குடுத்தேன், வேணாம்னுட்டாங்க."

"என்கூட யாரும் வரல."

ஆயா நிமிர்ந்து, அவளுடைய தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"நீங்க அவங்க தங்கச்சின்னுதான சொன்னாங்க. உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணுமாம். எப்பலேர்ந்துன்னு மட்டும் சொன்னா போதுமாம்."