மூலதனி வருகிறது

ஜெசிந்தா வீட்டுச் சுவருக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. உப்பூரணி வட்டத்தில் எல்லாமே உயிர்ச்சுவர் வீடுகள். பூஞ்சணத்தில் வளர்த்த சுவர், விரிசல் விட்டால் தானே மூடிக்கொள்ளும். ஆனால் காலையில் தீனி போட மறந்தால் சாயங்காலத்துக்குள் சுருங்கிக் கதவை நெருக்கிவிடும். சமையலறைச் சுவர் பெருந்தீனிக்காரச் சுவர். அதற்கு இரண்டாவது சொம்பைச் சாய்க்கும்போது, அவள் காதுக்குப் பின்னால் பதித்திருந்த செவிமணி அலுவலகக் குரலில் பேசியது. "மூலதனி நேரில் வருகிறது. வியாழக்கிழமை காலை பத்து மணி."

மீதிக் கஞ்சி அவள் காலில் கொட்டியது. அது சுட்டதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

எந்த ஊரில் ஆலை வைப்பது, எந்த ஊரைக் கைகழுவுவது என்பதையெல்லாம் மனிதர்கள் தீர்மானித்த காலம் மலையேறிவிட்டது. அவர்கள் தீர்மானித்தவரை எல்லா ஆலைகளும் யாரோ ஒருவருடைய மச்சான் ஊருக்கே போய்ச் சேர்ந்தன. பொறுத்துப் பார்த்துவிட்டு, உலகத்தின் முதலீட்டை ஏழு இயந்திர மனங்களிடம் ஒப்படைத்தார்கள். மூலதனிகள் என்று அவற்றுக்குப் பெயர். உடம்பு கிடையாது, உறக்கம் கிடையாது, மச்சானும் கிடையாது. வானத்திலிருந்து பூமியைப் பார்த்துக் கணக்குப் போட்டு ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடும். ஒரு மூலதனி இரவல் உடல் எடுத்து நேரில் வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஜெசிந்தா உப்பூரணியின் முதலீட்டு அலுவலர். காற்றாலைக்கும், பயிர்பச்சையிலிருந்து எண்ணெய் எடுக்கும் உயிர்வள ஆலைக்கும் இரண்டு முறை விண்ணப்பம் போட்டு இரண்டு முறையும் 'இல்லை' வாங்கியவள். மூன்றாவது முறையும் அதே பதில் வந்தால் வட்டத்தை மூடிவிடுவார்கள். பதினோராயிரம் பேரையும் வடக்கு மலை நகரங்களுக்குப் பிரித்து அனுப்பும் பட்டியல்கூடத் தயாராகிவிட்டது. அதில் அவளுக்கு ஒரு நகரம், அவள் புருஷன் அமலனுக்கு வேறொரு நகரம். கடலைத் தவிர வேறெதுவும் தெரியாத மனுஷன் மலை உச்சியில் என்ன செய்வார்?

வட்ட மேற்பார்வையாளர் முனியராஜ் நிதானமாகத்தான் கேட்டார். முப்பது வருஷமாகப் பெரிய மனிதர்களை வரவேற்று வழியனுப்பியவர்.

"என்னத்தப் பாக்க வருதாம் மேடம்?"

"அது சொல்லலண்ணே."

"சொல்லலைன்னா எல்லாத்தையும் பாக்கும்னு அர்த்தம். அஞ்சு நாள் இருக்கு. நான் பாத்துக்கிறேன்."

திருப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். செவிமணியைத் தட்டினால் போதும், மூலதனி அந்த நிமிஷமே பதில் சொல்லியிருக்கும். ஆனால் வருகிற பெரிய இடத்தைப் பார்த்து 'எதற்கு வருகிறீர்கள்' என்று கேட்கும் வழக்கம் உப்பூரணியில் கிடையாது. முதலில் சுண்ணாம்பு வாளியைத் தேடுவதுதான் வழக்கம்.

ஊர் தலைகால் தெரியாமல் வேலையில் இறங்கியது. சாலையோரம் இரு பக்கமும் பிளீச்சிங் பவுடரால் கோடு போட்டார்கள். மரத்தின் இடுப்பு வரை வெள்ளை அடித்தார்கள். தொட்டியோடு கொண்டுவந்த செடிகளைத் தொட்டி தெரியாமல் மண்ணில் புதைத்தார்கள். அது காற்றில்லாத மாதம். கரையோரம் மாதிரிக்கென்று நட்டிருந்த நாற்பது காற்றுத்தூண்களும் சுழலாமல் சிலையாக நின்றன. முனியராஜ் வீட்டுக்கு வீடு மின்கலத்தைக் கழற்றி வந்து, அந்த மின்சாரத்தில் தூண்களைச் சுற்றவைத்தார். ஊரே விசிறியில்லாமல் வெந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை.

மிச்சமிருந்தது உப்பளம். ஆயிரத்து நூறு ஏக்கர், நாற்பது வருஷமாகக் கைவிடப்பட்டது. கடல் சூடேறிய பிறகு அதில் செம்பச்சை நிறத்தில் ஒரு பாசி முழங்கால் உயரத்துக்குத் தடித்துக் கிடந்தது. அழுகிய முட்டை வாடை. ஊரார் அதை நாத்தப்பாசி என்பார்கள்.

"இத மட்டும் பாத்துச்சுன்னா நம்ம கதை முடிஞ்சுது மேடம்," என்றார் முனியராஜ்.

"இவ்வளவையும் எப்படிண்ணே எடுக்கிறது? நாலு நாள்தான இருக்கு."

"மூலதனி வருதுன்னு சொல்லுங்க. அது போதும்."

அவள் சொன்னாள். அவ்வளவுதான். வாத்தியார், வலைகாரர், பாதிரியார், பிள்ளைத்தாய்ச்சி என்று ஒருவர் பாக்கியில்லாமல் மண்வெட்டியோடு இறங்கினார்கள். அமலன் கை கொப்பளிக்கக் கொப்பளிக்கச் சுரண்டினார். புதன்கிழமை மாலை உப்பளம் கண்ணாடித் தரையாகப் பளபளத்தது. சுரண்டிய பாசியைக் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் மலையாகக் குவித்து, பிழிந்து, அடுக்கி, முன்னால் பச்சைத் துணியை உயரக் கட்டி மறைத்தார்கள். ஜெசிந்தாவுக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. எங்கேயோ எதையோ மறந்துவிட்டோம் என்று ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

வியாழக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு மூலதனி வந்தது. துறைமுகத்தில் வாடகைக்குக் கிடைத்ததிலேயே மலிவான உடலை எடுத்திருந்தது. துருப்பிடித்த ஒரு சுமைதூக்கி இயந்திரம். வட்டத் தலைவர் பொன்னாடையோடு ஓடிப்போய், கூட வந்த பழுதுபார்ப்பவருக்குப் போர்த்திவிட்டார். தவறு புரிந்து அதை உருவி எடுத்துச் சுமைதூக்கியின் கொக்கியில் மாட்டினார்கள். அது அலங்கார வளைவைப் பார்க்கவில்லை, காற்றுத்தூண்களையும் பார்க்கவில்லை. நேரே உப்பளத்து வரப்பில் போய் நின்றது.

"பாசி எங்கே?" என்று கேட்டது.

ஜெசிந்தாவுக்கு முதலில் புரியவில்லை.

"மூன்று வருடங்களாக மேலிருந்து பார்த்துவருகிறேன். நூற்றுக்கு நாற்பது பங்கு எண்ணெய் உள்ள பாசி. விதைக்காமல், நீர் பாய்ச்சாமல், தொண்ணூறு நாளில் மீண்டும் வளர்கிறது. இதைப் பார்க்கத்தான் வந்தேன். உங்கள் விண்ணப்பத்தில் இது ஏன் இல்லை?"

"அது அசிங்கம்னு நெனச்சோம்," என்றாள். "நீங்க வர்றீங்கன்னுதான் சுரண்டிட்டோம்."

"காற்று இல்லை. தூண்கள் சுற்றுகின்றன."

"அதுவும் நீங்க வர்றீங்கன்னுதான்."

போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் மனம் அரற்றியது. அமலனை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியைக்கூட மனக்கண்ணில் பார்த்துவிட்டாள். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று, மண்டபத்துக்குப் பின்னால் அதை மட்டும் தனியாக அழைத்துப்போய்ப் பச்சைத் துணியை அவளே இழுத்து அவிழ்த்தாள். பிழிந்து அடுக்கிய பாசி வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"எத்தனை இயந்திரங்கள்?"

"இயந்திரம் இல்லைங்க. மண்வெட்டிதான்."

"கூலி?"

"யாரும் கேக்கல."

"உத்தரவு யார் போட்டது?"

"உத்தரவும் இல்லைங்க. நீங்க வர்றீங்கன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

மூலதனி பதினோரு விநாடி யோசித்தது. அதன் கணக்கில் அது ஒரு யுகம்.

"இந்தப் பாசி இன்னும் பதினாறு கடற்கரைகளில் வளர்கிறது," என்றது. "எங்கேயும் ஆலை வைக்க முடியவில்லை. அறுவடைச் செலவு எண்ணெயின் விலையைத் தின்றுவிடுகிறது. நீங்கள் நான்கு நாளில் செலவில்லாமல் முடித்திருக்கிறீர்கள். ஆம். ஆலை இங்கேதான்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கும்பிடக் கை தூக்கியவள் பாதியில் நிறுத்திக் கேட்டாள்.

"அப்ப ஒவ்வொரு தொண்ணூறு நாளுக்கும் வருவீங்களா?"

"நான் இனி வரமாட்டேன். பயணம் வீண்செலவு. மூலதனி வருகிறது என்று நீங்கள் ஊருக்குச் சொன்னால் போதும். அது உங்கள் பணியாக ஒப்பந்தத்தில் இருக்கும். உண்மையை வெளியில் சொன்னால் ஒப்பந்தம் ரத்து."

பொன்னாடையோடு சுமைதூக்கி புறப்பட்டுப் போயிற்று. ஊர் வெடி வெடித்துக் கொண்டாடியது. அமலன் கொப்பளித்த கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

எண்பத்தைந்து நாள் ஓடிப்போயிற்று. உப்பளத்தில் பாசி முழங்காலைத் தொட்டது. ஒரு காலையில் முனியராஜ் அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"மறுபடியும் வருமா மேடம்?"

ஜெசிந்தா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வருதாம்ணே. தேதி சொல்லல. எப்ப வேணாலும் வரலாம்."

முனியராஜ் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். சற்று நேரத்தில் வீட்டுக்கு வீடு கதவு திறக்கும் சத்தமும் மண்வெட்டி உரசும் சத்தமும் கேட்டன. அது வராது என்று ஊரிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்தச் சத்தம் உப்பளத்துப் பக்கம் போகப்போக அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை வந்துவிட்டால்? எழுந்து வாசலுக்கு வந்தாள். படியில் சருகு ஒன்று கிடந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குனிந்து அதை எடுத்தாள்.