கூமுட்டை

கரு பிடிக்காத கூமுட்டை என்று பென்சிலால் பெருக்கல் குறி போட்டு அவள் ஒதுக்கிய முட்டை, மறுநாள் அடைகாக்கும் பெட்டிக்குள் மற்ற முட்டைகளோடு கிடந்தது. கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளரான அவளைத் தவிர யாரும் அந்தப் பெட்டியைத் திறப்பதில்லை. ஸ்டோர் ரூம் ஜன்னலைச் சாத்தி, ஃபார்மலின் நெடியும் சூடான ஓட்டின் சுண்ணாம்பு வாசனையும் மூச்சை அடைக்கும் இருட்டில், டார்ச்சின் வாயில் முட்டையை வைத்துப் பார்த்தாள். மஞ்சளின்மேல் சிவப்பு நூல்கள் படர்ந்திருந்தன. நடுவில் கடுகளவு புள்ளி துடித்தது.

போன மாதம், அவளுக்குப் பதினோராம் வாரத்தில் ஸ்கேன் பார்த்த டாக்டர், கரு உருவாகவே இல்லை, வெறும் பைதான் வளர்ந்திருக்கிறது என்றார். அதற்குள் அவள் இரண்டு பெயர்கள் யோசித்து வைத்திருந்தாள். கணவன் நல்லவன்தான். பஸ்ஸில் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமே இல்லாததுக்கு எதுக்கும்மா அழற?" என்றான்.

அதன்பின் யார் முன்னாலும் அவள் அழவில்லை.

பெருக்கல் குறியை ரப்பரால் அழித்தாள். தினமும் மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல், முட்டையைச் சேலைக்குள் அடிவயிற்றோடு அணைத்துக்கொண்டு ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, அந்த இரண்டு பெயர்களையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தாள்.

"என்னக்கா, அடைக்கு உக்காந்துட்டீங்களா?" என்று பேராசிரியை சிரித்துக்கொண்டே போனாள். அவளும் சிரித்து வைத்தாள்.

பத்தாம் நாள் வகுப்பு. கதவுக்கு அந்தப் பக்கம் பேராசிரியையின் குரல் கேட்டது. முதலில் எல்லாச் செல்லும் ஒன்றுபோலத்தான் இருக்குமாம். பிறகு மூன்று அடுக்காகப் பிரிந்து ஒன்று தோலாகும், ஒன்று எலும்பாகும், ஒன்று குடலாகும்.

"எதுவா ஆகணும்னு அதுவா முடிவு பண்ணாது. பக்கத்துல இருக்கறது சொல்றதக் கேட்டுத்தான் ஆகும்."

அவள் டார்ச்சைப் போட்டாள்.

ஓட்டின் உட்புறம் ஒரு நிழல் ஒட்டியிருந்தது. கோழிக்குஞ்சின் இறக்கைக்குள் மூன்றே விரல்கள் என்று அவளுக்குத் தெரியும். எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

ஐந்து.

"அக்கா, முட்டைங்களக் கொண்டாங்க."

அவள் கையிலேயே ஓடு விரிசல் விட்டது. சத்தமே இல்லை. விரிசலில் அவள் சுட்டுவிரலை வைத்தாள். உள்ளிருந்து பற்றிக்கொண்டது. நகம் இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. ஓடு பாதி கழன்று விழுந்தது.

ஒரு கை. மணிக்கட்டு வரைக்கும்தான். அதற்கு மேல் எதுவும் இல்லை, வெறும் மஞ்சள்.

அவள் யோசித்து வைத்திருந்த பெயரைச் சொன்னாள். முதல் பெயரை.

பிடி இறுகியது.